கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரே பாட்டு

மகன், நேற்று நீ மிலானிலிருந்து எடுத்தபோது "பஸ் வந்திட்டுது, பிறகு கதைக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன் அல்லவா, பஸ் ஒன்றும் வரவில்லை. நான் பலேர்மோவில், ஒரேத்தோத் தெருவில், நம்முடைய குசினியில், பருப்புச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த பஸ்? குசினிக்குள்ளாலை ஓடுற பஸ்ஸோ?" என்று கேட்டாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதைச் சாட்டாக வைத்து இரண்டு பேரும் கொஞ்சநேரம் சண்டை பிடித்தோம். சட்டியைப் பற்றிச் சண்டை பிடிப்பது எவ்வளவு சுகம் என்று நீ இனித்தான் அறிவாய்.

நீ கேட்டது சின்னக் கேள்வி. "அப்பா, சித்தப்பா இருக்கிறாரோ இல்லையோ? ஒண்டைச் சொல்லுங்கோ. தாரணியின்ரை அம்மா என்னட்டைக் கேக்கிறா, நான் என்னத்தைச் சொல்ல?" இருக்கிறார் என்று சொன்னால் வருகிற ஆவணியில் உனக்கும் தாரணிக்கும் கலியாணம். இல்லை என்று சொன்னால் நம் வீட்டில் சாவுத் துடக்கு. வருடம் திரும்பி ஆட்டத்திவசம் முடியும்வரை நல்ல காரியம் எதுவும் இல்லை. அதோடு சித்தப்பாவுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். அவருக்கு ஈமக்கடமை செய்ய வேண்டிய ஆண்பிள்ளை, அண்ணன் மகனான நீதான். எள்ளுத்தண்ணீர் இறைத்த கை அந்த வருடத்தில் தாலி கட்டாது. எழுதும்போது இவ்வளவு சுலபமாக வருகிறது. வாயால் சொல்ல வெளிக்கிட்டால்தான் குசினிக்குள் பஸ் வருகிறது. அதனால் எழுதுகிறேன். ஓ.எல். சோதனையில் கணக்கில் விழுந்தவன் நான், தமிழில் மயிரிழையில் தப்பியவன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ தமிழ் வாசிக்கிற வேகத்துக்கு அது உன் கண்ணில் படவும் படாது.

பதிலைச் சொல்ல நான் கப்பித்தான் வீட்டுப் பாட்டில் இருந்துதான் தொடங்க வேண்டும். "அப்பா தொடங்கிட்டார்" என்று நீ கண்ணை உருட்டுவது இங்கே தெரிகிறது. உருட்டு. ஆனால் வாசி.

ஊரில் சமாதானம் என்று சொன்ன வருடத்தில்தான் எனக்குக் கடற்கரைப் பக்கம், கால்சாவில் அந்த வேலை கிடைத்தது. நான் பார்க்கப் போன மனிதர் கப்பலை ஓட்டிய கப்பித்தான் அல்ல. சரக்குக் கப்பல்களில் ரேடியோ இயக்கியவர். ஆனாலும் அந்தத் தெரு முழுக்க அவரைக் கப்பித்தான் என்றுதான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். பாரிசவாதம் வந்து உடம்பில் ஒரு பாதி போய்விட்டது. குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, ஊட்டுவது, பின்னேரம் கடல் தெரிகிற மாடத்தில் கொண்டுபோய் இருத்துவது, இவைதான் என் வேலை. முதல் நாள் நான் அவருடைய அறையிலிருந்து கோப்பையோடு வெளியே வருகிறேன். அவர் நல்ல கையால் ஒரு கறுத்த இசைத்தட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, விரலை உயர்த்தினார். அசையாதே என்று அர்த்தம். பாட்டு ஓடும்போது அந்த வீட்டில் ஒருவரும் கதைக்கவும் கூடாது, நடக்கவும் கூடாது. பாட்டு முடியும்வரை கையில் கோப்பையோடு நின்றேன். அது தேத்தண்ணிக் கோப்பை இல்லை என்பதை நீயே விளங்கிக்கொள்.

யாரோ பெரிய சட்டியில் வடை பொரிக்கிறார்கள். அந்தப் பொரிகிற சத்தத்துக்குப் பின்னால், கிணற்றின் அடியிலிருந்து ஒரு மனிதன் முறைப்பாடு சொல்கிறான். எனக்கு முதலில் கேட்டது அவ்வளவுதான். முடிந்ததும், "கப்பித்தான், மெஷின் பழுது, ஆரையும் கூப்பிடட்டோ?" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டேன். அவர் பாதி வாயால் சிரித்துவிட்டு என்னவோ சொன்னார். அவர் பேசியதை எல்லாம் என்னுடைய தமிழிலேயே எழுதுகிறேன், வேறு தமிழ் எனக்கு வராது. "பழுது மெஷினிலை இல்லை. உந்த ஆளின்ரை சீவியத்திலை" என்றார்.

அவர்கள் அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காட்டில் கூலிக்கு நின்ற கறுப்பு மனிதர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். கரண்ட் இல்லாத ஒரு மரக் கிற்றார், ஒரு தொண்டை, தரையில் தட்டுகிற ஒரு கால். வேறு ஒன்றுமே இல்லை. கம்பனிக்காரர் தேடி வந்து, பட்டணத்துக்குக் கூட்டிப்போய், ஓர் அறையில் இருத்தி, குடிக்கவும் ஏதாவது கொடுத்து, பாடு என்பார்களாம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். நேரம் முடிகிறது என்று ஒரு விளக்கு எரியும். ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிட வேண்டும். பிறகு அடுத்த ரயிலில் பருத்திக்கே திரும்பிப் போவான். சிலருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. சிலர் செத்த இடம் தெரியாது. கண் தெரியாதவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், அரைக் கள்ளர்கள், அரைப் பிரசங்கிமார். கப்பித்தான் கப்பலில் போய் இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் பழைய சாமான் கடைகளில் கிண்டிக் கிண்டி இந்தத் தட்டுகளைச் சேர்த்திருந்தார்.

எனக்கு அது ஏன் பிடித்தது என்று நீ எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாய், நான் ஒழுங்கான பதில் சொன்னதே இல்லை. இப்போது முயற்சி செய்து பார்க்கிறேன். நம்முடைய சினிமாப் பாட்டில் பாடுகிறவர் எங்களைப் பார்த்துக்கொண்டு பாடுகிறார். இந்த ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடுகிறான்; நாங்கள் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்கிறோம். அவனுடைய மூச்சு கேட்கும், செருப்பு தட்டுவது கேட்கும், கதிரை கிறீச்சிடுவது கேட்கும். ஒருவர் வரிக்கு நடுவே இருமுவார், அதையும் அப்படியே பதிந்து விற்றிருக்கிறார்கள். இன்னொருவர் கத்தியின் முதுகால் தந்தியைத் தேய்ப்பார். கிற்றார் வாய் திறந்து அழும். பாடுகிறவன் வரியைப் பாதியில் விட்டுவிடுவான். மிச்சத்தைக் கிற்றார் சொல்லி முடிக்கும். இங்கிலிஷ் எனக்கு விளங்காது, ஆனால் அவன் விட்ட இடம் விளங்கும். வீடு வெள்ளத்தோடு போனதைச் சொல்லிக்கொண்டே நடுவில் ஒரு பகிடியும் விடுவான் என்று கப்பித்தான் விளங்கப்படுத்துவார். இன்னொன்றும் அவர்தான் காட்டித் தந்தார். முதல் வரியைச் சொல்வான். இரண்டாவதாகவும் அதே வரியையே சொல்வான், தன் வாயையே தான் நம்பாதவன் மாதிரி. மூன்றாவது வரியில்தான் உள்ளதைச் சொல்லுவான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

கப்பித்தான் மனமிரங்கி எனக்கு ஒரு கசெற்றில் பதிந்து தந்தார். நம் வீட்டில் அதைப் போட்ட முதல் நாளே நீ அறைக்குள்ளிருந்து ஓடிவந்தாய். "பாஸ்தா, போதும் அப்பா! கீழ்வீட்டுச் சின்யோரா இஞ்சை ஆருக்கோ வயித்துக்குத்து எண்டு அம்புலன்சாவைக் கூப்பிடப் போறா!" அம்மா உன் கட்சி. ஆனாலும் இருமல்காரர், கதிரைக்காரர், கத்திக்காரர் என்று அவர்களுக்குப் பெயர் வைத்தது நீதான். கொஞ்ச நாளில் சாப்பாட்டு மேசையில், "இருமல்காரருக்கு இண்டைக்குச் சுகமில்லையோ, சத்தத்தைக் காணேல்லை" என்று கேட்கிற அளவுக்கு அவர்கள் நம் வீட்டு ஆட்களாகிவிட்டார்கள். படம் இல்லாத, கல்லறை இல்லாத மனிதர்கள் பலேர்மோவில் ஒரு தமிழ்க் குசினியில் சுகம் விசாரிக்கப்பட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு பெருமை.

அடுத்த வருடம் வன்னிக்குப் பாதை திறந்திருந்தபோது நாம் மூன்று பேரும் போனோம். நீ பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, மீசை என்று ஒன்றை வைத்துக்கொண்டு திரிந்த காலம். சித்தப்பாவின் தொழில் உனக்குப் புதினமாக இருந்தது. கலியாண வீடு, கோயில், செத்த வீடு எதுவானாலும் கிளிநொச்சிப் பக்கத்தில் மைக் செற் கட்டுகிறவர் அவர்தான். சைக்கிளில் பின்னால் ஒரு ஒலிபெருக்கிக் குழாய், முன்னால் ஒரு குழாய், நடுவில் அவர். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு காது மட்டும் சைக்கிள் ஓடி வருகிற மாதிரி இருக்கும். நான் கொண்டுபோன கசெற்றைப் பெட்டியில் போட்டுக் காதோடு வைத்துக் கேட்டார். "அண்ணை, ஊசி தேஞ்சிட்டுது" என்றார். பிறகு இன்னொரு தரம் ஓடவிட்டு, "ஆனா ஆள் பொய் சொல்லேல்லை" என்றார்.

அன்றைக்கு ஒரு கலியாண வீட்டுக்கு மைக் செற் கட்டப் போனோம். சத்தம் எவ்வளவு தூரத்துக்கு எட்டுகிறது என்று பார்க்க என்னை வாழைத்தோட்டத்துக்கு அப்பால் றோட்டில் போய் நிற்கச் சொன்னார். மைக்கில் சோதனை சொல்லிவிட்டு, அப்படியே என் கசெற்றில் இருந்து ஒரு பாட்டையும் போட்டுப் பார்த்தார். கத்திக்காரருடைய பாட்டு. இரண்டு குழாயாலும் ஊருக்கு மேலால் போனது. காலைநேரம், காற்றும் இல்லை. அந்த மனிதருடைய முறைப்பாடு வாழைத்தோட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், றோட்டால் நாலைந்து பேர் வெள்ளை வேட்டியும் தோளில் துவாயுமாக விறுவிறென்று வருகிறார்கள். ஒருவர் என்னிடம், "தம்பி, கலியாணம் எண்டெல்லோ சொன்னவை? பொம்பிளையின்ரை தேப்பனோ போயிட்டார்?" என்று கேட்டார். கலியாண வீட்டுப் படலையில் பெண்ணின் தகப்பனே நின்று "வாங்கோ வாங்கோ" என்றார். வந்தவர்களுக்குத் துவாயை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. நீ பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பெண்வீட்டார் சித்தப்பாவை வாயில் வந்தபடி ஏசினார்கள், கண்டறியாத பாட்டு, தரித்திரம், என்று. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கோவிக்காதையுங்கோ. இது ரெண்டு வீட்டுக்கும் சரிவாற பாட்டு" என்றார்.

அதோடு இன்னொரு வேலையும் செய்திருந்தார். மைக்கில் கதைக்கும்போது பெட்டியில் பதிகிற சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமத்திவிட்டார். பாட்டின் தொடக்கம் அழிந்து, அந்த இடத்தில் அவருடைய சத்தம் ஏறிவிட்டது. "ஹலோ... ஹலோ... மைக் ரெஸ்ரிங்... ஒண்டு... ரெண்டு... மூண்டு... அண்ணை, கேக்குதோ?" பிறகு டக் என்று ஒரு சத்தம், பாதி வரியில் இருந்து கத்திக்காரர். நான் கத்தினேன், "டேய், என்ரை பாட்டை நாசமாக்கிப்போட்டியேடா!" பின்னேரம்வரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கப்பித்தானிடம் தட்டு இருக்கிறது, இன்னொரு தரம் பதியலாம் என்ற மூளைகூட வேலை செய்யவில்லை. பலேர்மோவுக்கு வந்தபிறகு பதியவும் இல்லை. சோம்பல். மகன், வாழ்க்கையில் நான் செய்த ஒரே கெட்டித்தனமான காரியம் அந்தச் சோம்பல்தான்.

கப்பித்தான் சொன்ன கதைகளில் ஒன்றை நான் மற்ற எல்லாவற்றையும் விடப் பிடித்து வைத்திருந்தேன். தட்டில் குரல் மட்டும் இருந்த ஒருவரை, எத்தனையோ காலம் கழித்து, இரண்டு மூன்று இளம் பெடியள் தேடிப் போனார்களாம். பாட்டில் வந்த ஒரு ஊர்ப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு. கிழவர் மாடு பார்த்துக்கொண்டு இருந்தாராம். கிற்றார் கையில் இல்லை, பாட்டும் மறந்துபோச்சு. பெடியள் தட்டைப் போட்டுக் காட்டி, அவருடைய பாட்டை அவருக்கே சொல்லிக் கொடுத்தார்களாம். இந்த வருடம் மாசிக்குப் பிறகு வன்னியில் இருந்து சித்தப்பாவின் சத்தம் வராமல் போனபோது, சண்டை முடிந்து சித்தியும் பிள்ளைகளும் முகாமுக்கு வந்து அவர் மட்டும் வராதபோது, நான் அந்தக் கிழவரைத்தான் பிடித்துக்கொண்டேன். சித்தப்பாவுக்குக் கால் இல்லாவிட்டாலும் சரி, நினைவு தப்பியிருந்தாலும் சரி, எங்கேயாவது மாடு பார்த்துக்கொண்டு இருக்கட்டும். போய் அவருடைய பெயரை அவருக்குச் சொல்லிக் கொடுக்க நான் இருக்கிறேன்.

சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்து வளவுத் தங்கராசாவும் முகாமிலிருந்து என்னோடு கதைத்தார். "அண்ணை, உங்கடை தம்பி குணம் காயத்தோடை கிடந்தவன், கதைச்சவன். நான் சனத்தோடை ஓட வேண்டி வந்திட்டுது. பின்னாலை வந்த ஆக்கள் தூக்கியிருப்பினம்." தூக்கியிருப்பார்கள் என்பதை நான் தூக்கினார்கள் என்று ஆக்கிக்கொண்டேன். காயத்தைப் பற்றிச் சித்திக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியமும் வாங்கினேன். தாரணியின் அம்மா எடுத்துக் கேட்டபோது, "வேறை முகாமிலை பதிவிலை இருக்கிறாராம்" என்று சொன்னேன். உன் அம்மா கேட்டபோது அதையே திரும்பவும் சொன்னேன். ஒரே வரி, இரண்டு தரம்.

போன கிழமை கப்பித்தானுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். முகமெல்லாம் நுரை. "கப்பித்தான், உந்தப் பாட்டுக்காரர் எத்தினை பேர் இருந்திருப்பினம்?" என்று கேட்டேன். நூற்றுக்கணக்கில் என்றார். "அதிலை எத்தினை பேரைத் தேடிக் கண்டுபிடிச்சவை?" நல்ல கையை உயர்த்தி விரல்களை மடக்கினார். மற்றக் கை தேவைப்படவில்லை. அது எழும்பவும் எழும்பாது. நான் கத்தியைப் பிடித்தபடி நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கழுத்திலை கத்தியை வைச்சுக்கொண்டு உப்பிடி யோசிக்காதை, மனிசா. கேள். கண்டுபிடிச்ச ஆக்களுக்குத்தான் கதை இருக்கு. மற்ற ஆக்களுக்குக் கதை இல்லை, தட்டுத்தான் இருக்கு. சொல்ல நல்லாயிருக்கும் எண்டு நான் உனக்கு அந்தக் கதையைச் சொன்னனான். நீ அதைக் கணக்கெண்டு எடுத்துப்போட்டாய்." ஓ.எல்.லில் விழுந்தவன் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறகு கேட்டார், "உன்ரை தம்பிக்குத் தட்டு இருக்கோ?"

அடுத்த நாள் கசெற்றைக் கொண்டுபோனேன். பெட்டியில் போட்டதும் அவர் விரலை உயர்த்தினார். அந்த வீட்டில் சித்தப்பாவுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. ஹலோ, ஹலோ. முடிந்ததும், "என்ன சொல்லுறான்?" என்றார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டுறான். கேக்குதோ எண்டு கேக்கிறான். வேறை ஒண்டும் இல்லை, கப்பித்தான்" என்றேன். அவர் நல்ல கையால் பெட்டியை நிறுத்தினார். "எல்லாரும் அதைத்தான் பாடினவை" என்றார்.

அன்றைக்கே சித்தியின் முகாமுக்கு எடுத்தேன். யாருடைய தொலைபேசியோ, சுற்றிவரச் சனத்தின் இரைச்சல். வாய் திறக்க முதலே அவள், "அத்தான், பெடியின்ரை கலியாண அலுவல் எப்பிடிப் போகுது? மண்டபம் எடுத்தாச்சோ?" என்று கேட்டாள். "அதை விடு கமலா. தங்கராசா எனக்குச் சொன்னதை உனக்கும் சொன்னவரோ?" என்றேன். "உங்களுக்கு என்ன சொன்னவர்?" "காயத்தோடை கிடந்தவனாம். கதைச்சவனாம்." பிறகு சொன்னாள், "ஓம். அப்பிடித்தான் உங்களுக்குச் சொல்லச் சொன்னனான்."

மகன், இதை நான் மெல்ல எழுதுகிறேன், நீயும் மெல்ல வாசி. "தங்கராசண்ணை தான் உடுத்திருந்த சாரத்தாலை அவரின்ரை முகத்தை மூடிப்போட்டு வந்தவர், அத்தான். வந்த உடனை என்னட்டைச் சொல்லிப்போட்டார். நான்தான் அத்தானுக்கு ஆவணி முடியுமட்டும் சொல்லாதையுங்கோ எண்டு கும்பிட்டுக் கேட்டனான்." ஏன் என்று கேட்டேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன். "அவர் உவன்ரை கலியாணத்துக்குத் தானே மைக் செற் கட்டுவன், இத்தாலிக்குக் குழாயைக் கப்பலிலை ஏத்துவன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். அவராலை அது குழம்பக் கூடாது. அதுவரைக்கும் இந்தத் தாலி கழுத்திலை கிடக்கட்டும். ஒரு பாரமும் இல்லை." பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது. நான் அழேல்லை, அத்தான். இஞ்சை கூடாரத்துக்குக் கூடாரம் அங்கை சொந்தக்காரர் உள்ள சனம். அழுதா அண்டைக்கே இத்தாலிக்குக் கதை வந்திடும்."

அவள் அழவில்லை. சித்தப்பா போய் இவ்வளவு காலமாக, உன் கலியாணம் குழம்பக் கூடாது என்று, முகாமில் பொட்டு வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு வரிசையில் நின்றுகொண்டு, பிள்ளைகளுக்கு "அப்பா வருவார்" என்று சொல்லிக்கொண்டு, அழாமல் இருக்கிறாள். நான் இங்கே இருமல்காரரையும் மாடு பார்த்த கிழவரையும் வைத்து எனக்கு ஆறுதல் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். நான் கப்பித்தான் வீட்டுப் படிக்கட்டில் இருந்துவிட்டேன். கீழே மீன் விற்கிறவன் கத்திக்கொண்டு போனான். எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையாக. அவளுக்குத் தெரியாமல் நான் மறைக்கிறேன், எனக்குத் தெரியாமல் அவள் மறைக்கிறாள், நடுவில் தங்கராசா இரண்டு பக்கமும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத் திண்டாடுகிறார். சித்தப்பா இருந்திருந்தால் நல்லாகப் பகிடி பண்ணியிருப்பார். பிறகுதான் அழுகை வந்தது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். சித்தப்பா இல்லை. இதுதான் மூன்றாவது வரி.

கலியாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி உன்னைக் கேட்கிறேன். சாத்திரத்துக்குப் பயந்து அல்ல. சாத்திரத்தில் எனக்கு உள்ள பிடிப்பு உனக்குத் தெரியும், சனிக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி வைக்கிறவன் நான். ஒரு பொம்பிளை தன் புருஷனுக்கு அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க, அந்த இடைவெளிக்குள் நாங்கள் மேளம் அடிக்க முடியாது. பிறகு அவள் தாலியைக் கழற்றுவதோ போட்டுக்கொண்டே இருப்பதோ அவள் விருப்பம். அதற்கு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் முதலில் நான் கேட்பேன். ஆனால் அவள் அழ வேண்டும். நாங்கள் இங்கே செய்ய வேண்டியதைச் செய்தால்தான் அவள் அங்கே அழுவாள். ஐயரோடு கதைத்தேன். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப்புல்லால் உருவம் செய்து கடமை செய்யலாமாம். இந்த வருடம் அப்படி எத்தனை செய்தீர்கள் என்று கேட்டேன். புல்லு இங்கே கிடைக்காது, ஜெர்மனியில் இருந்து எடுப்பிக்க வேணும் என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை தாரணியின் அம்மாவுக்கும் எடுத்து உள்ளதைச் சொன்னேன். மனிசி கத்துவா என்று காதில் இருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். கத்தவில்லை. "அண்ணை, நீங்கள் முந்தியே சொல்லியிருக்கலாம்" என்றா. பிறகு, "இவர் வரட்டும், கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்" என்று வைத்துவிட்டா. அந்தக் குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. ஒரு வருடம் காத்திருப்பார்களோ, பொய் சொன்ன வீடு வேண்டாம் என்று விடுவார்களோ, எனக்குத் தெரியாது. விட்டால் அதற்குக் காரணம் சித்தப்பா அல்ல, நான். அதை உன்னிடம் இருந்து ஒளிக்கமாட்டேன். நீ என்னோடு கோபிக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று தொலைபேசியையும் வைக்கலாம், உரிமை இருக்கிறது. ஆனால் தாரணிக்கு இதைத் தாயின் வாயால் கேட்க விடாதே. இன்றைக்கே நீயே சொல். அவள் ஒரு சொல்லைப் பாதியில் விட்டால் அவசரப்பட்டு நிரப்பாதே, மிச்சம் எங்கே கேட்கிறது என்று காதைக் கொடு. கலியாணத்துக்கு என்று உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்தி இவ்வளவுதான். அதுவும் பருத்தி பொறுக்கினவர்களிடம் களவெடுத்தது.

நாப்பொலித் துறைமுகத்தில் ஏறி இரவுக் கப்பலில் வா. காலையில் துறைமுகத்தில் நிற்பேன். அம்மா பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவாள், வேண்டாம் என்று சொல்லாதே, இந்த நாட்களில் அவளுக்குக் கைக்கு வேலை வேண்டும். கால்சாக் கடற்கரையில் கல்லுப் போட்ட இடத்தில் இறங்கலாம். நான் இறங்குகிற லட்சணத்தைப் பார்த்து யாரும் என்னையும் சேர்த்து இறைத்துவிடாமல் நீ கையைப் பிடித்துக்கொள். எள்ளும் தண்ணீரும் நீ இறைக்க வேண்டும். சித்தி அந்த நேரத்துக்குத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்பாள். முதல்நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறாள்.

வெளிக்கிட முதல் குசினியில் அந்தக் கசெற்றை ஒரு தரம் போடுவோம். அவருக்கு வேறு தட்டு இல்லை. கீழ்வீட்டுச் சின்யோரா அம்புலன்சாவைக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, சத்தத்தைக் கூட்டித்தான் போடுவோம். ஒண்டு, ரெண்டு, மூண்டு வரும். பிறகு அண்ணை, கேக்குதோ என்று வரும். அன்றைக்கு நான் வாழைத்தோட்டத்துக்கு அப்பால் நின்று கையை மட்டும்தான் உயர்த்தினேன். இலைகளுக்குள்ளால் அவருக்குத் தெரிந்திருக்காது. திரும்பி வந்து பாட்டை அழித்ததற்கு ஏசினேனே தவிர, கேட்டது என்று சொல்லவே இல்லை. இந்தத் தரம் சொல்லப் போகிறேன். அந்தக் கேள்விக்கும் கத்திக்காரர் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கிறது. அதற்குள் என் குரல் எழும்பாவிட்டால், நீ சொல்லு.

அப்பா